குறுந்தகட்டின் முகப்பில் ஒரு வெற்றோலை

சென்ற திங்கள் நமது துறையிலிருந்த பழைய கணினியொன்று எழ மறுத்தது. மாணவர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து பென் டிரைவ் ஒன்றை எடுத்துச் செருகினார். ஒரு மணி நேரத்தில் புதிய இயங்குதளம் குடியேறிவிட்டது. அவர் கொணர்ந்தது டெபியன் லினக்ஸின் ஐ.எஸ்.ஓ. கோப்பு. அதாவது, ஒரு குறுந்தகட்டின் ஒவ்வொரு பைட்டையும் வரிசை மாறாமல் ஒரே கோப்பாகப் பெயர்த்தெழுதிய படி. தகட்டுக்கென வகுத்த படி, தகடே அல்லாத ஒன்றிலிருந்து எவ்வாறு உயிர்பெற்றது? விடை தேடினால் 1980களுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

அந்நாளில் ஒரு நிறுவனத்தின் குறுந்தகட்டை மற்றொன்றின் கணினி படிக்காது. இதற்கு முடிவு காண 1985ஆம் ஆண்டு அமெரிக்காவின் டாஹோ ஏரியை அடுத்த ஹை சியரா என்னும் விடுதியில் பொறியாளர்கள் கூடினர். அவர்கள் வகுத்த வரைவே சில மாற்றங்களுடன் 1988இல் ஐ.எஸ்.ஓ. 9660 என்னும் நியமமாயிற்று. அதில் நம் கண்ணுக்குப் பட்டது ஒரு சிறு விதி. தகட்டின் முதல் 16 கூறுகள், கூறொன்றுக்கு 2,048 பைட்டு வீதம் 32,768 பைட்டுகள், கணினியின் பயனுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. அங்கு என்ன எழுதவேண்டும் என்று நியமம் சொல்லவில்லை. ஏடு பார்த்துப் பழகியோர்க்கு இது புதிதன்று. சுவடியின் முன்னும் பின்னும் எழுதாத வெற்றோலைகளைச் சேர்த்துக் கட்டுவது நம்மவர் வழக்கம்தானே!

1995இல் ஐ.பி.எம்., ஃபீனிக்ஸ் ஆகிய இரு நிறுவனங்கள் குறுந்தகட்டிலிருந்தே கணினியைத் தொடங்கும் முறையை வகுத்து, அதற்கு 'எல் டொரிடோ' என்று பெயரிட்டன. அது ஓர் உணவகத்தின் பெயர் என்பர். அம்முறையும் வெற்றிடத்தைத் தீண்டவில்லை; அதற்கு அப்பாலுள்ள கூறு ஒன்றிலேயே தன் குறிப்பைப் பொறித்தது. உபுண்டு அமைப்பினர் 2005 முதல் 2011 வரை உலகெங்கும் இலவசமாக அஞ்சலில் அனுப்பிய குறுந்தகடுகள் இம்முறையில்தான் இயங்கின. நமக்கும் ஓர் உறை வந்தது. இன்றும் அலமாரியில் உண்டு.

இதற்கிடையே 2000ஆம் ஆண்டில் பென் டிரைவ் சந்தைக்கு வந்தது. தொடக்கத்தில் அதன் கொள்ளளவு 8 மெகாபைட்! 2007இல் வந்த ஆசுஸ் ஈ பிசி போன்ற சிறு மடிக்கணினிகளில் தகடு செருகும் வாயே இல்லை. ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பென் டிரைவில் அப்படியே இறக்கினால் போதாதோ? போதாது. கணினி விழித்ததும் ஓடும் பயாஸ், பென் டிரைவை வன்தட்டாகவே கருதி அதன் முதல் 512 பைட்டுகளை மட்டும் படிக்கும். குறுந்தகட்டுப் படியிலோ அவ்விடம் வெறும் சுழியங்கள். எனவே கோப்புகளைப் பிரித்தெடுத்து, வேறொரு தொடக்க நிரலை ஒட்டவைக்கும் யூநெட்பூட்டின் போன்ற கருவிகள் தோன்றின. ஒரு நாள் எழும்; மறுநாள் எழாது.

2008இல் சிஸ்லினக்ஸ் மென்பொருளின் ஆசிரியர் எச். பீட்டர் ஆன்வின் தமது 3.72ஆம் பதிப்பில் ஐசோஹைப்ரிட் என்னும் சிறு கருவியைச் சேர்த்தார். அது செய்ததெல்லாம், இருபதாண்டுகளாக வெறுமையாய்க் கிடந்த அந்த முகப்பில் வன்தட்டுக்குரிய தொடக்க நிரலை எழுதியதுதான். பயாஸ் முகப்பைப் படித்து நிறைவுற்றது; தகட்டைப் படிக்கும் கருவி வழக்கம்போல் முகப்பைத் தாண்டிச் சென்றது. நியமத்தின் ஓரெழுத்தும் மாறவில்லை. இதைவிட நேர்த்தியான தீர்வை நாம் கணினி வரலாற்றில் அதிகம் கண்டதில்லை.

விண்டோஸ் இவ்வழியை ஏற்கவில்லை. 2009இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட தனிக் கருவியில் ஜி.பி.எல். உரிமத்திற்குட்பட்ட பிறர் நிரல் கலந்திருந்தது வெளிப்பட, அதைத் திரும்பப் பெற்று, அதே உரிமத்தில் மறுபடி வெளியிட நேர்ந்தது.

இத்தகைய கலப்புப் படியை முதல் பைட்டிலிருந்து அப்படியே பதிக்க வேண்டும். அதற்கு லினக்ஸில் 'டிடி' என்னும் கட்டளை உண்டு. 1970களின் யூனிக்ஸ் காலத்தது. எந்த வட்டில் எழுதச் சொன்னாலும் எழுதும், 'உறுதிதானா?' என்று கேட்காது. 2012இல் ஓரிரவு நாம் 'எஸ்.டி.சி.' என்று தட்டவேண்டிய இடத்தில் 'எஸ்.டி.பி.' என்று தட்டிவிட்டோம். அது பென் டிரைவ் அன்று. ஒரு தலபுராணச் சுவடியின் ஒளிப்படங்கள் நிறைந்த வெளிவட்டு. வேறு படி எடுத்து வைக்கவில்லை.

எழுதப்பட்டது ஏறத்தாழ 650 மெகாபைட்டுதான். ஆனால் கோப்புகளின் பெயர்ப்பட்டியல் இருந்ததும் அந்த முகப்பில்தான். ஃபோட்டோரெக் என்னும் மீட்புக் கருவி பெரும்பாலான படங்களைத் திருப்பித் தந்தது, பெயரின்றி, வரிசையின்றி. கயிறு அறுந்து சிதறிய ஏடுகளைப்போல. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, ஓலையின் இடப்புற ஓரத்தில் எழுத்தர் பொறித்த தமிழ் எண்ணைப் படித்துப் படித்து அடுக்கினோம். கோடை விடுமுறை முழுதும் அதிலேயே போயிற்று. ஓரம் முறிந்துபோன ஓலைகள் பதினொன்றுக்கு இன்றுவரை இடம் தெரியவில்லை.

சென்ற திங்கள் அம்மாணவர் அதே கட்டளையைத் தட்டி முடித்து, "எழுதலாமா ஐயா?" என்றார். "சற்றுப் பொறுங்கள்" என்று எழுந்துபோய், மேசையிலிருந்த மற்ற வட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு வந்தோம்.