எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள்?

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தரகரும் வியாபாரியும் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைத் தொட்டுத் தொட்டு விலை சொல்வார்கள். வாய் பேசாது, முகமும் பேசாது. சுற்றி நிற்கிறவர்களுக்கு மாடு கைமாறுவது ஒன்றுதான் தெரியும். நல்ல கறவை மாடு கிழட்டு மாட்டு விலைக்குப் போய்விட்டால் கூட்டத்தில் முணுமுணுப்பு எழும்: "இதில் ஏதோ உள்கை இருக்கிறது!"

2025 நவம்பரில் கரையான்சாவடி டீக்கடைகளில் கேட்டதும் இந்த முணுமுணுப்புதான். 2012 முதல் சென்னைக் கிரிக்கெட் அணியோடு பிணைந்திருந்த ஜடேஜாவையும், கூடவே சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டார்கள். 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்துகளில் ஒரு ஸிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவரை இப்படியா அனுப்புவது என்று ஒரு கட்சி. வயதைப் பார், வருங்காலத்தைப் பார் என்று எதிர்க் கட்சி.

அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் இதைவிடப் பெரிய அமளி நடந்தது. டல்லஸ் கூடைப்பந்து அணி, 25 வயதே ஆன லூக்கா டான்சிச் என்ற அபூர்வ ஆட்டக்காரரை லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தவர்களில் முக்கியமானவர் 31 வயது அந்தோணி டேவிஸ். இரு அணி நிர்வாகிகளும் பழைய சிநேகிதர்கள். பேச்சு முழுவதும் இரகசியமாகவே நடந்தது. மூன்று மாதம் கழித்து, புதிய ஆட்டக்காரரை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கான குலுக்கலில், நூற்றுக்கு 1.8 வாய்ப்பே இருந்த டல்லஸுக்குச் சீட்டு விழுந்தது. கேட்க வேண்டுமா? சதி என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அத்தாட்சி ஏதும் வெளிவரவில்லை. பேரம் பேசிய டல்லஸ் நிர்வாகிக்கு நவம்பரில் வேலை போயிற்று என்பதுதான் மிச்சம்.

ஏறுமாறான பேரத்தை எப்படி எடைபோடுவது? இந்தக் கேள்விக்குச் சென்னைப் பட்டினத்தின் சரித்திரத்திலேயே மூன்று பாடங்கள் இருக்கின்றன.

முதல் பாடம் கரையான்சாவடிக்குக் கூப்பிடு தூரத்தில், பூந்தமல்லியில் தொடங்குகிறது. அங்கே இருந்த அய்யப்ப நாயக்கரும் அவருடைய சகோதரர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரும் 1639-இல் ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிஸ் டே துரையோடு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மதராசப்பட்டினம் என்ற கடலோரக் கிராமத்தில் கம்பெனியார் கோட்டை வைத்துக்கொள்ளலாம், நாணயம் அடிக்கலாம். வருமானத்தில் நாயக்கருக்கும் பங்கு உண்டு. இன்று அந்த மண்ணின் மதிப்பை நினைத்து, "நாயக்கர் ஏமாந்தார்" என்கிறோம். அன்று கம்பெனி மேலிடம் புலம்பியது நேர்மாறாக. துறைமுகமே இல்லாத கரை; அலையில் படகு கவிழும் இடம்; கோட்டைச் செலவை நாயக்கர் ஏற்பார் என்று நம்பியிருக்க, அது கம்பெனி தலையில் விழுந்தது. சாந்தோமில் டே துரைக்கு ஒரு பெண்ணின் சிநேகம் இருந்ததால்தான் இந்த இடத்தைப் பிடித்தார் என்று வம்பும் கிளம்பியது. ஆக, ஒரே பேரம் அன்றைக்கு ஒரு பக்கம் சாய்ந்ததாகவும் இன்றைக்கு மறுபக்கம் சாய்ந்ததாகவும் தெரிகிறது. பின்னால் வந்த விளைவைக் கொண்டு முன்னால் நடந்த பேரத்துக்குத் தீர்ப்பு எழுதலாகாது.

இரண்டாம் பாடம் 1746-இல். அந்த ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னைக் கோட்டையை வளைத்தார். கவர்னர் மோர்ஸ் சில நாள் குண்டு வீச்சுக்குப் பிறகு சரணடைந்தார். பிடித்த ஊரை என்ன செய்வது? 11 லட்சம் வராகன் மீட்புப் பணம் கொடுத்தால் ஊரைத் திருப்பித் தருவதாக லா பூர்தொனே ஆங்கிலேயருக்கு வாக்குக் கொடுத்தார். புதுச்சேரியில் இருந்த கவர்னர் தூப்ளே கொதித்தெழுந்தார். நவாப் அன்வருதீனைச் சமாதானப்படுத்த, ஊரை அவருக்குத் தருவதாகத் தூப்ளே வேறு சொல்லி வைத்திருந்தார்! ஒரே மாட்டுக்கு இரண்டு பேரிடம் அச்சாரம்.

அக்டோபரில் வந்த புயல் லா பூர்தொனேயின் கப்பல்களைச் சிதற அடித்தது. அவர் போனதும் தூப்ளே உடன்படிக்கையைக் கிழித்துப் போட்டார். நவாபுக்கும் ஊர் கிடைக்கவில்லை. கேட்க வந்த அவர் மகனின் பெரும்படை, அடையாற்றங்கரையில் ஒரு சிறு பிரெஞ்சுப் படையிடம் தோற்றுத் திரும்பியது.

இனித்தான் நம் விஷயம். மீட்புத் தொகைக்கு மேல் தனியாக ஒரு லட்சம் வராகன் லா பூர்தொனேக்குப் பேசப்பட்டது என்று குற்றச்சாட்டு எழுந்தது. பாரிஸ் போனதும் அவரைப் பாஸ்தீல் சிறையில் தள்ளினார்கள். காகிதம் மறுக்கப்பட்டதால், கஞ்சி போட்டு விறைப்பாக்கிய கைக்குட்டையில் கரியையும் காப்பியையும் மையாக்கித் தம் வாதத்தை எழுதினார் என்று கதை சொல்வார்கள். 1751-இல் குற்றமற்றவர் என்று விடுதலையானார். உடல் உருக்குலைந்து 1753-இல் இறந்தார். ஆனால் அடுத்த நூற்றாண்டில் மாலிசன் என்ற ஆங்கில ஆசிரியர், கம்பெனியின் பழைய தஸ்தாவேஜுகளில் அந்தத் தனிப் பணத்துக்குச் சான்று இருப்பதாக எழுதினார். மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

மீட்புப் பணம் வாங்கியது மட்டும் குற்றமாகாது. பிடித்த ஊரை வைத்துக்கொள்ளாதே என்று பாரிஸிலிருந்தே அவருக்கு உத்தரவு இருந்தது. 11 லட்சம் அதிகமா, குறைவா என்பதும் கேள்வியல்ல. அந்த ஒரு லட்சம் உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. உண்டென்றால், மீட்புத் தொகை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அது சதி. இல்லையென்றால், தொகை எவ்வளவு மலிவானதாக இருந்தாலும் அது வெறும் தவறான கணக்கு. தராசு சாய்வதைப் பார்த்தால் போதாது. தராசுத் தட்டுக்கு அடியில் விரல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டல்லஸ் பேரத்தில் தட்டு சாய்ந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. விரலை யாரும் காட்டவில்லை.

மூன்றாம் பாடம் 1748. ஐரோப்பாவில் எய்-லா-ஷாபேல் நகரில் சமாதானம் பேசினார்கள். வட அமெரிக்காவில் லூயிபூர் என்ற பிரெஞ்சுக் கோட்டையை 1745-இல் நியூ இங்கிலாந்துக் குடியேறிகள் இரத்தம் சிந்திப் பிடித்திருந்தார்கள். அதைப் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்து, இங்கிலாந்து சென்னையை வாங்கிக்கொண்டது. பாஸ்டன் நகரம் குமுறியது. நம் பிள்ளைகள் பிடித்த கோட்டையை, எங்கோ இருக்கும் ஒரு கிழக்கிந்திய ஊருக்காகவா கொடுப்பது? சமாதானப்படுத்த, 1749-இல் மாசாசூசெட்ஸுக்கு 1,80,000 பவுனுக்கு மேல் செலவுத் தொகையை லண்டன் அனுப்பியது. பாஸ்டன்காரர்களுக்காவது குமுற ஒரு வாயும், வாங்கிக்கொள்ள ஒரு கையும் இருந்தன.

சென்னையில்? கோட்டையை ஒட்டியிருந்த கருப்பர் பட்டினத்து வீடுகளில் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர் இடித்துத் தள்ளியிருந்தார்கள். அங்கே தறி போட்டவர்களையும் கடை வைத்தவர்களையும் 1639-இலும் கேட்கவில்லை, 1746-இலும் கேட்கவில்லை, 1749-இல் கொடி மாறியபோதும் கேட்கவில்லை.

பேரம் பேசிய இருவருக்குள் நியாயம் பார்ப்பதிலேயே நாம் களைத்துப்போகிறோம். கைமாறியவனின் நியாயம் கணக்கில் வருவதில்லை. டான்சிச் தாம் விற்கப்பட்ட செய்தியை எல்லாம் முடிந்த பிறகுதான் அறிந்தார். நம் கிரிக்கெட் விதியோ, ஆட்டக்காரர் சம்மதித்தால்தான் மாற்றம் செல்லும் என்கிறது. ஜடேஜா போனது நஷ்டமா லாபமா என்று டீக்கடை தீர்மானிக்கட்டும். துண்டுக்குள் இருந்த விரல்களில் அவருடைய விரலும் ஒன்று. ஒரு பட்டினத்துக்கே கிடைக்காத மரியாதை அது.