விசைப்படகின் டீசல் தொட்டி: புதுக்கோட்டைக் கடற்கரையின் ஒரு வரலாறு

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டம் என்றதும் சித்தன்னவாசல் ஓவியம், குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, திருமயம் கோட்டை ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வரும். இம்மாவட்டத்துக்குச் சுமார் 42 கிலோமீட்டர் நீளக் கடற்கரையும் உண்டு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய இரண்டு ஊர்களும் விசைப்படகுத் தளங்கள். கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் போன்ற ஊர்களில் நாட்டுப்படகு மீனவர்கள் வாழ்கின்றனர்.

விசைப்படகைப் பற்றிப் பேசும்போது இன்ஜினின் குதிரைத் திறன் எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். தளப் பலகைக்கு அடியில் இருட்டில் கிடக்கும் டீசல் தொட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் கடலுக்குப் போன படகு நல்லபடியாகத் திரும்புமா என்பது இன்ஜினைப் போலவே அந்தத் தொட்டியையும் பொறுத்தது. மீனவர் பேச்சில் ‘டேங்க்’ எனப்படும் இத்தொட்டி படகுக்குள் வந்த கதையையும், பழைய படகில் அதை மாற்றுவது ஏன் பெரிய வேலை என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

காற்றை நம்பிய காலம்

1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்துடன் இணைந்த புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. இன்று நாம் காணும் கடலோர ஊர்கள் அன்று தஞ்சாவூர் மாவட்டத்து அறந்தாங்கி வட்டத்தில் இருந்தன. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது அறந்தாங்கி வட்டம் இதனுடன் சேர்க்கப்பட்டது. அதனுடன் கடலும் வந்து சேர்ந்தது.

இங்குள்ள கடல் பாக் விரிகுடா ஆகும். 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. இது ஆழம் குறைந்த கடல். வங்கக் கடலின் பேரலைகள் இங்கு அவ்வளவாக எட்டுவதில்லை.

இக்கடலில் பாய்மரம் கட்டிய வல்லங்கள் காற்றைக் கொண்டு ஓடின. வாடைக்காற்று, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் திசைக்கு ஒரு பெயர் வைத்திருந்த மக்கள் அவர்கள். காற்று இல்லாதபோது துடுப்பு இருந்தது; ஆழம் குறைந்த இடத்தில் மரக்கோல் ஊன்றித் தள்ளினார்கள். காற்றுக்கு விலை இல்லை. அதைச் சேமித்து வைக்கத் தொட்டியும் தேவைப்படவில்லை.

இன்ஜின் வந்த வரலாறு

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ப் டீசல் 1897-இல் தம் இன்ஜினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். பெட்ரோலைப் போல எளிதில் தீப்பற்றாத எண்ணெயில் ஓடியதால், அது படகுகளுக்குப் பொருத்தமாக அமைந்தது.

இந்திய மீன்பிடிப்பில் பெரிய திருப்பம் 1952-இல் நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்திய - நார்வே திட்டம் எனப்படும் இது, கொல்லத்துக்கு அருகில் உள்ள நீண்டகரையில் தொடங்கப்பட்டது. முதலில் உள்ளூர்ப் படகுகளில் இன்ஜின் பொருத்திப் பார்த்தனர். பிறகு இன்ஜினுக்கென்றே புதிய படகுகளை வடிவமைத்தனர். 1960-களில் இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்தபோது, கடலடியில் வலையை இழுத்துச் செல்லும் இழுவைப் படகுகள் பெருகின.

அன்றைய சென்னை மாகாண அரசும் மானியத்தில் விசைப்படகுகளை வழங்கியது. 1960-களிலும் 1970-களிலும் தமிழகக் கடற்கரை எங்கும் மரத்தாலான விசைப்படகுகள் வந்தன. லாரி இன்ஜின்களை ஒத்த டீசல் இன்ஜின்கள் அவற்றில் பொருத்தப்பட்டன. நாட்டுப்படகுகளில் பின்னர் சிறிய இன்ஜின்கள் வந்தபோது எரிபொருளைக் கேனில் வைத்துக்கொள்ள முடிந்தது. கேன் பழுதானால் வேறு கேன் வாங்கலாம். விசைப்படகின் தேவை மிகப் பெரியது. அதனால்தான் தொட்டி படகின் உடம்புக்குள்ளேயே போனது.

தொட்டி படகுக்குள் அமைந்த விதம்

1,000 லிட்டர் டீசல் ஏறக்குறைய 840 கிலோ எடை கொண்டது. இவ்வளவு எடையைத் தளத்துக்கு மேலே வைத்தால் படகு ஆடிக் கவிழும் ஆபத்து உண்டு. ஆகவே எடை தாழ்வாக இருக்கும்படி, இன்ஜின் அறையிலோ தளத்துக்கு அடியிலோ தொட்டியை அமைத்தனர்.

பாதி நிறைந்த தொட்டியில் டீசல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாயும். குடத்தில் அரைக்குடம் தண்ணீர் தளும்புவதைப் போன்றதுதான் இது. இந்தத் தளும்பலும் படகைச் சாய்க்கும். அதைக் குறைக்கத் தொட்டிக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகளை வைப்பார்கள்.

கட்டும்போது தொட்டியை முதலில் இறக்கிவிட்டு, அதன்மேல் தளப் பலகையை அடித்து மூடிவிடுவது எளிது. புதிய படகில் இதனால் சிரமம் தெரியாது. பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்துத் தொட்டி ஓட்டையாகும்போதுதான் அதை வெளியே எடுக்க வழியே விடவில்லை என்பது புரியும். தளத்தை அறுக்க வேண்டும். சில படகுகளில் இன்ஜினையே கழற்ற வேண்டும்.

தொட்டி ஏன் கெடுகிறது?

தொட்டி வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் கெடுகிறது.

வெளிப்புறத்தில் உப்புநீர் காரணம். படகின் அடியில் எப்போதும் சிறிது கடல்நீர் தேங்கும. ஈரமான மரச்சட்டத்தின்மேல் இரும்புத் தொட்டி உட்கார்ந்திருந்தால், தொடும் இடத்தில் ஈரம் காயாது. துரு அங்கேதான் தொடங்கும். மேலிருந்து பார்த்தால் தொட்டி பெயின்ட் மாறாமல் அழகாகத் தெரியும்; அடித்தகடோ காகிதம் போல் மெலிந்திருக்கும்.

உட்புறத்தில் நன்னீர் காரணம். தொட்டியில் டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே வரும். இரவில் குளிரும்போது அக்காற்றின் ஈரம் நீர்த்துளியாகும். நீர் டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து வழவழப்பான கசடாகப் படியும். அவை உண்டாக்கும் அமிலம் தகட்டை அரிக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. டீசலை உறிஞ்சும் குழாயின் முனை தொட்டியின் அடியைத் தொடாமல் சற்று மேலே நிற்கும். கடல் அமைதியாக இருக்கும்வரை கசடு அடியிலேயே கிடக்கும். இன்ஜினும் நன்றாக ஓடும். காற்று வலுத்துப் படகு குலுங்கும்போது கசடு கலங்கி மேலே வரும். வடிகட்டி அடைபடும், இன்ஜின் நின்றுவிடும். ஆகவே கெட்ட தொட்டி நல்ல நாளில் காட்டிக்கொடுப்பதில்லை. இன்ஜின் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடுகிறது.

61 நாட்களும் தொட்டி மாற்றும் வேலையும்

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் இயற்றப்பட்டது. மீன்களின் இனப்பெருக்கத்தைக் காக்க 2001 முதல் 45 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறைக்கு வந்தது. 2017 முதல் அது 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை.

இந்நாட்களில் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சும் பசையும் திணித்து நீர்க்கசிவை அடைக்கும் கலப்பத்து வேலை, பெயின்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பது ஆகியவை நடக்கும். தொட்டியை மாற்றவும் இதுவே உகந்த காலம். வேலையின் ஒழுங்கு பின்வருமாறு:

1. எஞ்சிய டீசலை வெளியேற்றி, கசட்டை அள்ளி, தொட்டியை நன்கு கழுவ வேண்டும். கழுவாத தொட்டியை வெல்டிங் செய்யவோ கட்டர் கொண்டு அறுக்கவோ கூடாது. வெப்பத்தில் மிச்ச டீசல் ஆவியாகி, மூடிய இடத்தில் வெடிக்கும். இவ்வேலையில் மிகப் பெரிய உயிராபத்து இதுதான். காற்றோட்டம் இல்லாத அறைக்குள் ஒருவர் தனியாக இறங்கவும் கூடாது.

2. தளத்தை அறுக்கும்போது படகின் குறுக்குச் சட்டங்களை வெட்டிவிடக் கூடாது. அறுத்த இடத்தைப் பழையபடி அடித்து மூடாமல், கழற்றி மாட்டும் மூடியாக அமைத்துவிட்டால் அடுத்த முறை அறுக்க வேண்டியிராது.

3. ஒரே பெரிய தொட்டி உள்ளே நுழையாவிட்டால் இரண்டு சிறிய தொட்டிகளை வைக்கலாம். இதில் கூடுதல் நன்மையும் உண்டு. ஒன்றில் அழுக்கு சேர்ந்தாலும் மற்றதைத் திறந்துவிட்டுக் கரை சேரலாம்.

4. உலோகத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. உட்புறம் துத்தநாகம் பூசிய தகடு டீசலுக்கு ஆகாது. துத்தநாகம் டீசலில் உள்ள அமிலத்துடன் சேர்ந்து பிசுக்காகி வடிகட்டியை அடைக்கும். வீட்டில் துருப்பிடிக்காத எவர்சில்வரும் காற்றுப் படாத உப்பீரத்தில் சிறு சிறு குழிகளாக அரிபடும். தடித்த இரும்புத் தகடு, கடலுக்கேற்ற அலுமினியக் கலவை, கண்ணாடி இழை என எதுவாக இருந்தாலும், சுற்றிலும் காற்றோடும் இடைவெளி விட்டு வைப்பதே ஆயுளைக் கூட்டும்.

5. தொட்டிக்குக் கை நுழையும் அளவு மூடியும், காற்றுப்போக்கிக் குழாயும், அடியில் சேரும் நீரை எடுக்கும் வழியும் இருக்க வேண்டும். இன்ஜினுக்குப் போகும் வழியில் நீரைப் பிரிக்கும் வடிகட்டி வேண்டும்.

6. படகில் இறக்கும் முன் சோதிக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அழுத்தக் காற்றே போதும். இது கார் டயரின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். மூட்டுகளில் சோப்பு நீரைத் தடவினால், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும்.

எல்லைக் கோடும் எரிபொருளும்

பிற கடல்களில் இன்ஜின் நின்றால் படகு மிதந்துகொண்டே உதவிக்குக் காத்திருக்கலாம். பாக் விரிகுடாவில் அப்படி முடியாது. 1974-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இக்கடலின் நடுவே சர்வதேச எல்லைக் கோடு செல்கிறது. கச்சத்தீவு இலங்கையின் பக்கம் அமைந்தது. 2017-இல் இலங்கை, இழுவை மடி மீன்பிடிப்பைச் சட்டப்படி தடை செய்தது. 2018-இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தையும் கடுமையாக உயர்த்தியது.

எல்லை தாண்டும் சிக்கலுக்குக் காரணங்கள் பல. மீன் இருக்கும் இடம் தேடித் தெரிந்தே செல்வதும் அவற்றுள் ஒன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரு கரைகளிலும் வாழ்வாதாரம் இழக்கும் மீனவர்கள் உள்ளனர். அந்த வழக்கு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் இன்ஜின் நின்றுபோய்க் காற்றோடு போகும் படகுக்குத் தன் திசை தன் கையில் இல்லை. தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கும் ஜூன் மாதம், மேற்கிலிருந்து காற்று வீசும் காலமாகும். அது படகைக் கரையைவிட்டுக் கிழக்கே தள்ளும். அத்திசையில்தான் எல்லைக் கோடு இருக்கிறது. பிடிபட்டால் மீனவருக்குச் சிறை. படகு பறிபோனால் குடும்பத்துக்குக் கடன். தொட்டியின் அடியில் இருந்த ஒரு கைப்பிடிக் கசடு அதற்குக் காரணமாகிவிடக் கூடும்.

டீசல் செலவும் சிறியதன்று. விற்பனை வரி விலக்குடன் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் டீசல் வழங்கப்பட்டு வந்தது. அது 19,000 லிட்டராக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் தமிழக முதல்வர் அறிவித்தார். தடைக்காலம் நீங்கலாக 10 மாதங்களுக்குப் பகிர்ந்தால், மாதத்துக்கு 1,900 லிட்டர் ஆகிறது. இவ்வளவும் அந்தத் தொட்டி வழியாகவே போக வேண்டும்.

கசியும் எண்ணெயும் கடற்பசுவும்

தொட்டியில் கசியும் டீசல் படகின் அடியில் தேங்கிய நீரோடு கலக்கும். அந்நீரைப் பம்பு வைத்து இறைக்கும்போது எண்ணெயும் கடலில் சேரும். பாக் விரிகுடாவின் ஆழம் குறைந்த பகுதிகளில் கடற்புல் படுகைகள் உள்ளன. அரிய உயிரினமான கடற்பசு அப்புல்லை மேய்ந்தே வாழ்கிறது. மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வளரும் இடமும் அதுவே. 2022 செப்டம்பரில் தமிழக அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. ஒவ்வொரு படகிலிருந்தும் சிறிதளவே கசிந்தாலும், நூற்றுக்கணக்கான படகுகள் நிற்கும் துறையில் அது சிறிதளவாக இருப்பதில்லை.

முடிவுரை

காற்றை நம்பிய காலத்தில் மீனவர் வானத்தைப் பார்த்துக் கடலில் இறங்கினார். டீசலை நம்பும் காலத்தில் தளத்துக்கு அடியிலும் பார்த்துவிட்டு இறங்க வேண்டியிருக்கிறது. ஒரு பழைய படகுக்குக் கூடுதல் திறன் கொண்ட இன்ஜின் வாங்குவதைவிட, தொட்டியைத் திறந்து பார்ப்பது செலவு குறைந்தது. உயிரையும் படகையும் காப்பது. தடைக்காலத்தின் 61 நாட்களும் மீன்கள் பெருகுவதற்காக விடப்பட்டவை. அதில் இரண்டு நாட்களைத் தொட்டிக்காக ஒதுக்குவது, போனவர்கள் திரும்பி வருவதற்காக.

கடற்கரைக்குச் செல்லும் மாணவர்கள் அடுத்த முறை கரையேற்றிய விசைப்படகு ஒன்றைக் கண்டால், இன்ஜினைக் காட்டச் சொல்லிக் கேட்பதோடு நில்லாமல், “டேங்க் எங்கே இருக்கிறது? அதை எப்படி வெளியே எடுப்பீர்கள்?” என்றும் கேட்டுப் பாருங்கள். அதற்குக் கிடைக்கும் விடையில் இக்கடற்கரையின் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கும்.