கல்லோடைக் கரையில் ஒரு மறுவாழ்வு

ஆற்றங்கரைகளிலேயே நாகரிகங்கள் தோன்றின என்று தொடங்குவது வரலாற்று நூல்களின் வழக்கம். ஆனால், அந்நாகரிகங்கள் தம்மைப் பாலூட்டி வளர்த்த ஆறுகளுக்குச் செய்த கைம்மாறு யாது என்று கூறும் நூல்கள் மிகச் சிலவே. பேராறுகளின் வரலாறாவது ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. நகரத்தின் கொல்லைப்புறத்தே ஒதுங்கியோடும் சிற்றோடைகளின் வரலாற்றை யார் எழுதினார்கள்? அத்தகைய ஓடை ஒன்றின் கதையை, அது கெட்ட கதையையும் அதனைக் கெடுத்த நகரின் மக்களே அதைத் தேற்ற முற்பட்ட கதையையும், இக்கட்டுரையில் நாம் காண்போம்.

பெயரும் பிறப்பும்

ஆஸ்திரேலியக் கண்டத்தின் தென்கிழக்கே, விக்டோரியா மாநிலத்தின் தலைநகராகிய மெல்போர்ன் நகரின் வடபகுதியில் ஓடுவது மெர்ரி ஓடை. வாலன் என்னும் ஊரின் அருகே தோன்றித் தெற்கு நோக்கிச் சுமார் 70 கிலோமீட்டர் ஓடி, டைட்ஸ் நீர்வீழ்ச்சிக்கு அருகில் யார்ரா ஆற்றோடு அது கலக்கிறது. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைகள் உமிழ்ந்த குழம்பு அப்பள்ளத்தாக்கின் வழியே வழிந்து இறுகிக் கருங்கல்லாயிற்று. அக்கல்லை அறுத்துக்கொண்டு ஓடுவதால், அம்மண்ணின் ஆதிகுடிகளான உருஞ்சேரி மக்கள் தம் ஓய்வுருங் மொழியில் அதனை 'மெர்ரி மெர்ரி' என்றழைத்தனர். கற்கள் மிகுந்தது என்பது அதன் பொருள். நம் மொழியில் 'கல்லோடை' என்றால் பொருந்தும். ஆங்கிலச் சொல்லொன்றின் ஒலியோடு ஒத்திருப்பதால் 'மகிழ்ச்சியோடை' என்று பொருள் கொள்வார் உளர். அது பிழை. அவ்வோடைக்கு மகிழ்ச்சிக்கும் காரணம் இருந்தது, கண்ணீருக்கும் காரணம் இருந்தது. ஆனால், பெயருக்குக் காரணம் கல்லே.

உடன்படிக்கையும் உரிமைப் பறிப்பும்

1835ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், ஜான் பேட்மன் என்னும் குடியேறி உருஞ்சேரி முதியோர் எண்மருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். போர்வைகள், கத்திகள், கோடரிகள், கண்ணாடிகள், கத்தரிக்கோல்கள், மாவு ஆகியவற்றைக் கொடுத்து, ஏறக்குறைய 6 இலட்சம் ஏக்கர் நிலத்தைப் பெற்றுக்கொண்டதாக அந்தப் பத்திரம் பேசிற்று. அது நிகழ்ந்த இடம் மெர்ரி ஓடைக்கரையே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. வேறிடம் கூறுவாரும் உளர். நிலத்தை விற்பது என்னும் எண்ணமே அம்முதியோரிடம் இல்லை. விருந்தினராய் வந்தவர்க்குத் தம் நாட்டில் தங்கிச் செல்ல இசைவளிக்கும் 'தந்தெரும்' என்னும் தம் மரபுச் சடங்காகவே அவர்கள் அதைக் கொண்டிருக்கக்கூடும் என்று ஆய்வாளர் கூறுவது சிந்திக்கற்பாலது. ஒருவர் விருந்து என்று எண்ணியதை மற்றவர் விலை என்று எழுதிக்கொண்டார்.

அந்தப் பத்திரமும் நிலைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் ஆளுநர் பூர்க் ஒரு பிரகடனம் வெளியிட்டார். நிலமெல்லாம் பிரிட்டிஷ் முடிக்கே உரியது. ஆதிகுடிகளுடன் தனியார் செய்யும் எந்த உடன்படிக்கையும் செல்லாது என்று அது அறிவித்தது. பேட்மன் பெற்றது செல்லாது என்றதோடு நில்லாமல், கொடுப்பதற்கே அம்மக்களிடம் ஒன்றும் இல்லை என்று ஆக்கியதே அப்பிரகடனத்தின் கொடுமை. உடன்படிக்கையில் குறிபொறித்தவர் என்று சொல்லப்படும் பில்லிபெல்லாரி என்னும் தலைவர், ஓடை யார்ராவோடு கலக்குமிடத்தில் தம் மக்களின் பிள்ளைகளுக்காக அமைந்த பள்ளிக்கு ஆதரவாக இருந்தார். 1846இல் அவர் மறைந்தார். 1851இல் அப்பள்ளியும் மூடப்பட்டது. கரைக்கு உரியவர்கள் கரையை விட்டு அகற்றப்பட்டார்கள். மரங்கள் வெட்டப்படுவதற்கு முன்பே மனிதர்கள் வெட்டப்பட்டார்கள் என்றால் அது மிகையன்று.

கல்லும் கழிவும்

பின்னர் ஓடைக்குப் பெயர் தந்த கல்லே அதற்குப் பகையாயிற்று. விரைந்து வளர்ந்த மெல்போர்ன் நகருக்குக் கட்டடக் கல் வேண்டியிருந்தது. கரையெங்கும் கல்வெட்டாங்குழிகள் தோண்டப்பட்டன. அருகிலிருந்த பெண்ட்ரிஜ் சிறைச்சாலையின் மதில்களும் இக்கருங்கல்லால் எழுந்தவையே. கைதிகளே அதற்குக் கல் உடைத்தனர். கல் எடுத்த பின் எஞ்சிய பள்ளங்களில் நகரம் தன் குப்பையைக் கொட்டிற்று. தோல் பதனிடுவோரும் பிற ஆலைகளும் தம் கழிவுகளை ஓடையில் விட்டனர். கரையிலிருந்த பழமரங்கள் விறகாயின. அவற்றின் இடத்தில் ஐரோப்பாவிலிருந்து கொணரப்பட்ட வில்லோ மரங்களும் முட்புதர்களும் பரவின. வீடுகள் ஓடைக்கு முதுகு காட்டி நின்றன.

நெடுஞ்சாலையை நிறுத்திய காலம்

1969ஆம் ஆண்டின் மெல்போர்ன் போக்குவரத்துத் திட்டம், நகருக்குள் பல விரைவுச் சாலைகளை வரைந்துகாட்டிற்று. அவற்றுள் ஒன்றுக்கு மெர்ரி ஓடையின் பள்ளத்தாக்கே வழியாகக் குறிக்கப்பட்டிருந்தது. குப்பை மேடாய்க் கிடக்கும் இடந்தானே, சாலை போட்டால் யார் அழப்போகிறார்கள் என்று திட்டம் வகுத்தோர் எண்ணியிருக்கலாம். ஆனால் உள்நகர் மக்கள் எதிர்த்து எழுந்தனர். 1973இல் மாநில முதல்வர் ஹேமர், உள்நகர் விரைவுச் சாலைகள் பலவற்றைக் கைவிடுவதாக அறிவித்தார்.

ஓடையின் மறுவாழ்வு இங்கேதான் தொடங்குகிறது என்பது நம் துணிபு. அழிவை நிறுத்தாமல் ஆக்கத்தைத் தொடங்க இயலாது. நிலம் சாலையாகியிருந்தால் நடுவதற்கு இடமேது? 1976இல் ஓடைக்கென ஓர் ஒருங்கிணைப்புக் குழு அமைந்தது. 1982இல், கிழக்குப் பிரன்ஸ்விக்கில், கல்வெட்டாங்குழியாயிருந்து பின் குப்பைக்கிடங்கான சுமார் 10 ஏக்கர் நிலத்தில், 'சீரஸ்' என்னும் சுற்றுச்சூழல் கல்விப் பூங்கா தோன்றியது. 1980களின் இறுதியில் 'மெர்ரி ஓடை நண்பர்கள்' என்ற தன்னார்வச் சங்கம் உருவாயிற்று. 1989இல் கரையோர நகராட்சிகளும் அந்நண்பர்களும் ஒரே அவையில் அமரும் மெர்ரி ஓடை மேலாண்மைக் குழு ஏற்பட்டது. ஓடைக்கு நகராட்சி எல்லை தெரியாது. ஓர் ஊரின் அழுக்கு அடுத்த ஊரின் குடியிருப்புக்குள் செல்லும். ஆதலின், ஓடை முழுமைக்கும் ஒரே குழு என்பது மிகப் பெரிய அறிவுடைமையாகும்.

நட்டவர் செய்த பணி

மரம் நடுதல் என்றவுடன் குழி தோண்டிக் கன்று வைத்து நீரூற்றிவிட்டு வீடு திரும்புவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். இத்தன்னார்வலரின் பணியோ குழிக்கு நெடுநாள் முன்பே தொடங்கிற்று. களைகளை அகற்றுவதே முதற்பணி. வில்லோ மரம் பார்வைக்கு அழகியது. ஆயினும் அதன் வேர் நீரோட்டத்திற்குள்ளேயே பரவி ஓடையின் தொண்டையை நெரிக்கும். இலையுதிர் காலத்தில் தன் இலைகளையெல்லாம் ஒருசேரக் கொட்டும். ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக இலையுதிர்க்கும் நாட்டு மரங்களின் கீழ் வாழப் பழகிய நீர்ப்பூச்சிகளுக்கு அது ஒரு நாள் பெருவிருந்தும் பல நாள் பட்டினியுமாகும்.

அடுத்தது விதை. எங்கோ விற்கும் கன்றை வாங்கி நடுவதில்லை. அப்பள்ளத்தாக்கிலேயே தப்பிப் பிழைத்து நிற்கும் மரஞ்செடிகளின் விதையைச் சேர்த்து, நாற்றங்காலில் முளைக்கவைத்து, சிறு குழாய்த் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். மழையால் மண் நனைந்திருக்கும் இலையுதிர், குளிர் காலங்களில் அவற்றை நடுகிறார்கள். நீரோரத்தில் கோரை, அதற்குமேல் புதர், மேட்டில் மரம், வெளியில் கங்காருப் புல். ஒவ்வொரு கன்றையும் சுற்றி மூன்று குச்சிகள் நட்டு, முயல் கடிக்காதவாறு உறை மாட்டி, அடியில் மூடாக்குப் பரப்புகிறார்கள். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வந்து களை பறிக்கிறார்கள். நடுவது ஒரு காலைப்பொழுது, காப்பது பல்லாண்டு.

இவ்வோடையை அடுத்த கோபர்க், பிரன்ஸ்விக், ஃபாக்னர் முதலான பகுதிகள் பல நாட்டார் குடியேறிய இடங்கள். இத்தாலியரும் கிரேக்கரும் வந்தனர். 1967இல் துருக்கியோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தின்பின் துருக்கியர் வந்தனர். 1975இல் மூண்ட உள்நாட்டுப் போரால் லெபனானியர் மிகுந்தனர். ஆகவே, அக்கரைகளில் நடப்போரின் வாயில் அரபியையும் துருக்கியையும் கேட்கலாம். தாம் பிறந்த மண்ணை இழந்து வந்தவர்க்கும், தம் மண்ணிலேயே மண்ணை இழந்தவர்க்கும் பொதுவான ஓர் அமானிதமாக அவ்வோடை விளங்குகிறது.

ஈண்டு நோய், ஆண்டு மருந்து

இங்கே நம்மவர் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மெர்ரி ஓடைக்கரையின் பெருமைக்குரிய பெருமரம் 'ரிவர் ரெட் கம்' என்பது. அது யூகலிப்டஸ் இனத்தது. நம் நாட்டார் தைலமரம் என வழங்கும் மரங்களின் உறவே அது. கரையில் அன்போடு நடப்படும் மற்றொன்று வெள்ளி வாட்டில் மரம். இவ்விரு குடும்பத்து மரங்களும் 19ஆம் நூற்றாண்டில் நம் நீலகிரிக்குக் கப்பலேறி வந்தவை. உதகையில் குடியேறிய ஆங்கிலேயர்க்கு விறகு வேண்டியிருந்தது. சோலைக்காடுகள் குறைந்தமையால் விரைந்து வளரும் அயல்மரங்களை நட்டனர். அவை அங்குள்ள புல்வெளிகளை விழுங்கின. இன்று அவ்வாட்டில் மரத்தை அகற்றிப் புல்வெளியை மீட்க நீலகிரியில் பாடுபடுகிறார்கள். அதே மரத்தை மெர்ரிக் கரையில் குழந்தையைப்போல் உறையிட்டு வளர்க்கிறார்கள்.

இதில் முரண்பாடு உண்டோ? இல்லை. மரம் நல்லது என்பது அரை உண்மை. தன் மண்ணில் நிற்கும் மரம் நல்லது என்பதே முழு உண்மை. வில்லோ தன் ஐரோப்பிய ஆற்றங்கரையில் குற்றமற்றது. வாட்டில் தன் ஆஸ்திரேலியக் கரையில் குற்றமற்றது. குற்றம், இடமறியாது நட்ட மனிதருடையது. எத்தனை மரம் நட்டோம் என்று எண்ணிப் பெருமைப்படுவோர், எந்த மரத்தை எங்கே நட்டோம் என்னும் வினாவிற்கும் விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

மரம் மட்டும் போதுமா?

பல்லாண்டு உழைப்பிற்குப் பயன் இல்லாமற் போகவில்லை. கரை நிழல் பெற்றது. வேர்கள் மண்ணைப் பற்றின. நெடுங்காலம் காணாதிருந்த 'புனித மீன்கொத்தி' என்னும் சிறு பறவை 1990களில் மீண்டு வந்தது. சீரஸ் பூங்காவில் அதன் வருகைக்கென ஒரு விழாவே தோன்றிற்று.

ஆயினும் உண்மையை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. 2005இல் மெல்போர்ன் ஆய்வாளர் கிறிஸ் வால்ஷும் அவர்தம் கூட்டாளரும் நகர ஓடைகளுக்கெல்லாம் பொதுவாகக் காணப்படும் நோய்க்குறிகளைத் தொகுத்து ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். காட்டில் பெய்யும் மழையை மண் குடிக்கிறது. மிஞ்சியதே மெல்ல ஓடைக்கு வருகிறது. நகரத்திலோ, கூரையிலும் சாலையிலும் விழும் மழை, எண்ணெயையும் உலோகத் துகள்களையும் அள்ளிக்கொண்டு குழாய் வழியே நேராக ஓடைக்குள் பாய்கிறது. சிறு தூறலும் ஓடையில் சிறு வெள்ளமாகிறது. குழாயோ கரைமரத்தின் வேருக்கு அடியில் புகுந்து போய்விடுகிறது. மரம் அந்நீரை வடிகட்ட வழியில்லை. ஆகவே, கரையில் எத்துணை மரம் நட்டாலும், தொலைவிலுள்ள தெருவின் கூரைநீரைத் தொட்டியில் பிடித்து, மண்ணில் இறக்கி, மெல்ல விட்டாலன்றி ஓடையின் நீர் தேறாது.

அப்படியானால் நட்டவர் உழைப்பு வீணோ? அன்று. கரைக்கு வந்து நட்டவனே ஓடையைக் கண்டான். கண்டவனே தன் வீட்டுக் கூரைநீர் எங்கே போகிறது என்று கேட்டான். ஓடைக்கு முதுகு காட்டிய வீடுகளை அதன் பக்கம் முகம் திருப்ப வைத்தவை அச்சிறு கன்றுகளே. நோயின் மூலம் கரையில் இல்லை, கூரையில் இருக்கிறது என்னும் அறிவு, கரையில் கால் வைத்தவர்க்கே விரைவில் உறைக்கும்.

பெயர் திருத்தம்

இறுதியாக ஒன்று கூறி முடிப்போம். ஓடையின் மேற்குக் கரையிலுள்ள நகராட்சி 'மோர்லண்டு' என்ற பெயரால் வழங்கி வந்தது. அப்பெயரை 1839இல் அங்கு நிலம் வாங்கிய ஃபார்குவார் மெக்ரே என்பவர் இட்டார். ஜமைக்காத் தீவில் அடிமைகளை வாட்டி வேலைவாங்கிய கரும்புத் தோட்டம் ஒன்றின் பெயர் அது. தம்மிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தின்மேல் அடிமைத் தோட்டத்தின் பெயர் ஏறியிருப்பதை உருஞ்சேரி முதியோர் எடுத்துரைத்தனர். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் நகராட்சி தன் பெயரை 'மெர்ரி-பெக்' என மாற்றிக்கொண்டது. கல் நிறைந்த நாடு என்பது அதன் பொருள்.

கரையிலிருந்து வில்லோவை அகற்றி நாட்டு மரத்தை நட்டதும், பலகையிலிருந்து அடிமைத் தோட்டத்தின் பெயரை அகற்றி ஆதிகுடிகளின் சொல்லை நட்டதும் ஒரே பணியின் இரு கூறுகளாகவே நமக்குத் தோன்றுகின்றன. பெயர் மாறியதால் பறிபோன நிலம் திரும்பிவிடவில்லை. மரம் வளர்ந்ததால் நீரும் முற்றத் தூயதாகிவிடவில்லை. இரண்டும் தொடக்கமே. ஆனால், கெடுத்தது எது, கெட்டது எது என்று உணர்ந்து செய்யும் தொடக்கம், உணராது செய்யும் நூறு விழாக்களினும் மேலானது. 1835இல் ஒரு பத்திரத்தின் மேல் தலைகவிழ்ந்த அக்கரையில், இன்று ஒரு கன்றின் முன் மண்டியிடுகிறார்கள். அந்த வேறுபாட்டை உணர்ந்து போற்றுவோமாக.