ஷாம்பெயின் இண்டேஜ்

மகாராஷ்டிர மாநிலம் புணே மாவட்டத்தில், புணே–நாசிக் நெடுஞ்சாலை ஓரம் உள்ள நாராயண்காவில் இயங்கிய ஒயின் நிறுவனம். பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில் கையாளும் முறையை அப்படியே கொண்டுவந்து, இந்தியத் திராட்சையிலிருந்து குமிழ் ஒயின் தயாரித்தது. 1980களில் தொழிலதிபர் ஷாம்ராவ் சௌகுலே இதைத் தொடங்கினார். தொழில்நுட்பத் துணையாக நின்றது பைப்பர்-ஹைட்சிக். 1785இல் ரேம்ஸ் நகரில் ஃப்ளோரன்ஸ்-லூயி ஹைட்சிக் தொடங்கிய பழம்பெரும் ஷாம்பெயின் இல்லம் அது. ‘ஒமர் கயாம்’ என்ற பெயரில் இண்டேஜின் குமிழ் ஒயின் பிரிட்டன் உள்ளிட்ட வெளிநாடுகளுக்குப் போனது. உள்நாட்டில் ‘மார்க்கீஸ் த பொம்பதூர்’ என்ற பெயரில் விற்பனையானது.

அந்தக் காலத்தில் இந்தியத் திராட்சை என்றாலே பழக்கடைக்கோ உலர்திராட்சைக்கோ போவதுதான். அப்படி இருந்த நாட்டிலிருந்து ஐரோப்பியச் சந்தைக்கு நுரை ததும்பும் ஒயின் போனது சாதாரணச் செய்தியல்ல. கர்நாடகத்தின் குரோவர், நாசிக்கின் சுலா ஆகியவை இதற்குப் பின்னால் வந்தவை.

சிக்கல் நிலத்தில் இருந்தது. ரேம்ஸ் நகரம் வடக்கு அட்சரேகை 49 பாகையில் உள்ளது. நாராயண்காவ் 19 பாகையில். ரேம்ஸில் குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும். கோடையின் இறுதியில் பழுக்கும் காய் புளிப்பை விடாமல் வைத்திருக்கும். குமிழ் ஒயினுக்கு அந்தப் புளிப்புதான் உயிர். தக்காணத்திலோ கொடி உறங்குவதே இல்லை. விட்டால் ஆண்டு முழுக்கத் தழைத்துக்கொண்டே இருக்கும். அதனால் விவசாயி கவாத்தைக் கொண்டுதான் பருவத்தை உண்டாக்க வேண்டும். ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து, மழை ஓயும் செப்டம்பர்–அக்டோபரில் காய்ப்புக்கான மறு கவாத்து. அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை, இரவு குளிர்ந்திருக்கும் நாட்களில் அமைந்துவிடுகிறது. சர்க்கரை முழுதாக ஏறுவதற்கு முன்பே கொத்தை வெட்டினால்தான் புளிப்பு மிஞ்சும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரமும், சஹ்யாத்ரி மலையடிவாரக் காற்றும் இதற்குக் கைகொடுத்தன. ஷார்டனே, பினோ நுவார், உய்னி பிளாங்க் ஆகிய பிரெஞ்சு இரகங்களை நட்டார்கள். மகாராஷ்டிரத்தில் ஏற்கெனவே பந்தல் பந்தலாக விளைந்துகொண்டிருந்த தாம்சன் சீட்லெஸ்ஸையும் பயன்படுத்தினார்கள்.

செய்முறையில் எந்தக் குறுக்குவழியும் கிடையாது. கொத்தை முழுசாக, மெதுவாகப் பிழிய வேண்டும். ஷாம்பெயின் வட்டாரச் சட்டப்படி 4,000 கிலோ பழத்திலிருந்து முதல் சாறாக 2,050 லிட்டர்தான் எடுக்கலாம். அழுத்திப் பிழிந்தால் தோலின் துவர்ப்பும் கருந்திராட்சையின் நிறமும் இறங்கிவிடும். சாறு நொதித்துக் குமிழில்லாத, நாக்கைக் கூசவைக்கும் ஒயினாகும். பல தொட்டிகளின் ஒயினைச் சுவைத்துக் கலப்பது தலைமை ஒயினாளரின் வேலை. ஓர் இல்லத்தின் பாணி என்று சொல்வது இந்தக் கலவையைத்தான். கலந்ததைப் புட்டியில் ஊற்றி, லிட்டருக்கு 24 கிராம் அளவில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். புட்டிக்குள்ளேயே இரண்டாவது நொதிப்பு நடக்கும். வெளியேற வழியில்லாத கரிவளி ஒயினிலேயே கரைந்து, புட்டிக்குள் சுமார் 6 வளிமண்டல அழுத்தம் உண்டாகும். கண்ணாடி தடிமனாக இருப்பதும், அடிப்பாகம் உள்நோக்கிக் குழிந்திருப்பதும் இதைத் தாங்கத்தான்.

அடுத்து நிலவறையின் இருட்டில் காத்திருப்பு. ஷாம்பெயினில் குறைந்தது 15 மாதம். ஒரே ஆண்டு விளைச்சலில் செய்ததென்றால் 3 ஆண்டு. இறந்த ஈஸ்ட் வண்டலோடு கிடந்துகிடந்துதான் சுட்ட ரொட்டியின் மணம் ஏறுகிறது. ரேம்ஸில் சுண்ணப்பாறையைக் குடைந்த நிலவறைகள் ஆண்டு முழுக்க 10 முதல் 12 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கும். நாராயண்காவில் அந்தக் குளிரை மின்சாரத்தால் உண்டாக்க வேண்டியிருந்தது. காத்திருப்பு முடிந்ததும் புட்டிகளைச் சாய்பலகையின் துளைகளில் கழுத்தைச் செருகி நிறுத்துவார்கள். தொழிலாளி இரு கையாலும் இரண்டிரண்டு புட்டியாகப் பிடித்து, ஒரு சொடுக்குச் சொடுக்கிச் சற்றே திருப்பி, கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்து விடுவார். வாரக்கணக்கில் இப்படித் திருப்பினால் வண்டல் முழுவதும் கழுத்துக்கு இறங்கிவிடும். கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறந்தால், உள்ளழுத்தமே வண்டல் கட்டியை வெளியே தள்ளும். குறைந்த அளவை ஒயினாலும் சர்க்கரைப் பாகாலும் நிரப்பி, கார்க் அடித்துக் கம்பி கட்டுவார்கள். லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை இருந்தால் அது ‘ப்ரூட்’. ஒமர் கயாம் அந்த வகையைச் சேர்ந்தது. இனிப்பைவிடப் புளிப்பு முந்தி நிற்பது.

2000த்திற்குப் பின் நிறுவனம் வேகமாக விரிந்தது. பல பெயர்களில் சாதாரண ஒயின்கள் வந்தன. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் நிறுவனங்களை வாங்கியது. பெயரும் இண்டேஜ் வின்ட்னர்ஸ் ஆனது. 2008இன் பொருளாதாரச் சரிவில் கடன் கழுத்தை நெரித்தது. சில ஆண்டுகளில் நிறுவனம் நொடித்தது. கால் நூற்றாண்டில் கூட்டிச் சேர்த்த கைப்பழக்கமும் நிலவறை அறிவும் அதோடு சிதறியது, கட்டடமும் எந்திரமும் போனதைவிடப் பெரிய இழப்பு.

மெதுவாகப் பிழியும், புட்டியிலேயே நொதிக்கவிடும் முறை நின்றுவிடவில்லை. 1743இல் தொடங்கிய மொயெத் எ ஷாந்தோன் இல்லத்தின் வழிவந்த ஷாந்தோன், 2013 முதல் இந்தியாவில் குமிழ் ஒயின் விற்கிறது. அதன் ஒயினகம் நாசிக் அருகே திண்டோரியில் உள்ளது. செனின் பிளாங்க் இரகம் அங்கே முக்கியப் பங்கு வகிக்கிறது. வெப்பத்திலும் புளிப்பு குறையாத கொடி அது. ‘ஷாம்பெயின்’ என்ற பெயருக்கு இப்போது இந்திய நிறுவனம் எதுவும் உரிமை கொண்டாட முடியாது. சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அது பிரெஞ்சு வட்டாரத்தின் பெயராகவே பதிவாகியிருக்கிறது.

அதே பதிவகத்தில் 2023இல் கம்பம் பன்னீர் திராட்சையும் இடம்பெற்றது. அது மஸ்கட் ஹாம்பர்க் இரகம். ஆண்டு முழுக்கக் காய்ப்பது, பழத்திலேயே மணம் கமழ்வது. வண்டலோடு ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்த மணம் மங்கிப்போகும். இத்தாலியின் அஸ்தி வட்டாரத்தில் மற்றொரு மஸ்கட் இரகத்தைப் பெரிய மூடு தொட்டியில் ஒரே நொதிப்பில் முடித்து, மணம் குறையாமல் புட்டியில் அடைக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் குமிழ் ஒயின் முயற்சி நடக்குமானால் நாராயண்காவ் முறையைவிட அஸ்தி முறையே பொருந்தும்.