அம்மா எங்கே?

போன வருடம், மழையால் பள்ளிக்குத் திடீர் விடுமுறை விட்ட ஒரு நாள், ஐந்து வயது மகளை அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மனைவி செவிலியர், அன்று பகல் ஷிஃப்ட். வேறு வழியில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சமர்த்தாகப் படம் வரைந்துகொண்டிருந்தாள். மதியத்துக்குள் ஆறேழு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: "அவங்க அம்மா எங்க?" மேலாளர் நல்ல மனிதர்தான். "இன்னிக்கு ஒரு நாள் ஓகேப்பா. நாளைக்கு வீட்ல லீவு போடச் சொல்லிடு" என்றார்.

குழந்தைக் காப்பகம் பற்றி ஹெச்.ஆரிடம் விசாரித்தேன். ஒரு தனியார் காப்பகத்தோடு ஒப்பந்தம் இருந்தது. படிவமும் வந்தது. அதில் 'தாயின் பணியாளர் எண்' என்று ஒரு கட்டம். தகப்பனுக்குக் கட்டமே இல்லை. அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் பழைய சட்டங்களைப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. அதில் குழந்தை உண்டு, ஆனால் தொழிலாளியாக. ஏழு வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம். அம்மா ஆலைக்குள் இருக்கும்போது கைக்குழந்தை எங்கே இருக்கும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. பம்பாயில் ஆலைக்குப் போன பெண்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். குழந்தைக்குக் கொஞ்சம் அபின் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுப் போனார்கள். படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர்களுக்கும் வேறு வழியில்லை.

1929இல் அமைக்கப்பட்ட தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன், 1931 அறிக்கையில் ஆலைகளில் காப்பகங்கள் வேண்டும் என்றது. 1934 சட்டம், 50க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓர் அறை ஒதுக்கச் சொல்லும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948 தொழிற்சாலைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. 1976 திருத்தத்தில் 50 என்பது 30 ஆனது.

நான் புரோகிராமர். எனக்கு இதெல்லாம் 'இஃப் கண்டிஷன்' மாதிரிதான் தெரிகிறது. எண் மாறுகிறது, எண்ணப்படும் ஆள் மாறவில்லை: பெண். இன்னொரு சிக்கலும் உண்டு. வரம்பு 30 என்றால், 30 பெண்களோடு நிறுத்திக்கொள்ளும் முதலாளிக்குக் காப்பகச் செலவு மிச்சம்.

குழந்தையையே எண்ணிய சட்டங்களும் இருந்திருக்கின்றன. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலில் 50 பெண்கள் என்றுதான் சொன்னது. 1981இல் '50 பெண்கள் அல்லது 20 குழந்தைகள்' என்று திருத்தினார்கள். தோட்டங்களில் நம் மக்கள் இந்த இடத்துக்குச் சொந்தமாகப் பெயரே வைத்திருக்கிறார்கள்: இலங்கை மலையகத்தில் 'பிள்ளை மடுவம்', மலேசியாவில் 'ஆயாக் கொட்டகை'. 2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தாலே அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியோடு நியமிக்கச் சொன்னது. (அங்கேயும் பார்த்துக்கொள்பவர் பெண்தான்.)

சட்டத்தின் எண்ணிக்கைக்குள் வராத இடங்களில் மனிதர்கள்தான் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. 1969இல், டெல்லி ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானம் நடந்த இடத்தில், தொழிலாளர்களின் பிள்ளைகள் புழுதியில் கிடப்பதை மீரா மகாதேவன் பார்த்தார். அங்கேயே ஒரு காப்பகம் தொடங்கினார். அதுதான் 'மொபைல் க்ரெஷஸ்' அமைப்பின் ஆரம்பம்.

கடைசியாக 2017. மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பணியாளர்கள் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்றது. ஆண், பெண் இருவரும் கணக்கில். அட, வந்துட்டோம் என்று நினைத்தேன். அடுத்த வரி: ஒரு நாளைக்கு நான்கு முறை காப்பகத்துக்குப் போய்வரப் 'பெண்ணை' அனுமதிக்க வேண்டும். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. காப்பகம் கட்டுவதற்கு என் தலையையும் எண்ணுவார்கள். பிள்ளையைப் போய்ப் பார்க்க மட்டும் அவள் அம்மா வேண்டும்.

இதில் தகப்பனுக்குக் கிடைக்காத சலுகை சின்ன விஷயம். அந்தக் கட்டத்தால் என்னைவிட அதிகம் இழப்பது என் மனைவிதான். பள்ளி மூடும் ஒவ்வொரு நாளும் லீவு போட வேண்டியவர் அவர் என்று என் மேலாளர் எவ்வளவு இயல்பாகச் சொன்னார்!

படிவத்தில் 'தாயின்' என்பதை அடித்துவிட்டு என் எண்ணை எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.