டேராடூன் (ஜார்ஜ் ஹாரிசன் பாடல்)

'டேராடூன்', பீட்டில்ஸ் ராக் குழுவின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் (1943–2001) ரிஷிகேஷில் தங்கியிருந்தபோது 1968இல் இயற்றிய பாடல். பீட்டில்ஸ் இசைத்தட்டு எதிலும் இது இடம்பெறவில்லை. 1970இல் ஹாரிசனின் தனி ஆல்பத்துக்காகப் பாடிப் பார்க்கப்பட்டு, அதிலும் விடுபட்டது. முறையான வெளியீடு 2021இல்தான் நிகழ்ந்தது.

தோற்றம்

ரிஷிகேஷுக்கு எதிரே, கங்கையின் கிழக்குக் கரையில், மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமம் இருந்தது. அன்றைய உத்தரப் பிரதேச வனத்துறையிடமிருந்து 1961இல் குத்தகைக்குப் பெற்ற காட்டு நிலம் அது. ஆழ்நிலைத் தியானம் பயில, 1968 பிப்ரவரி நடுவில் ஹாரிசனும் பீட்டில்ஸ் தோழர் ஜான் லெனனும் தத்தம் மனைவியருடன் அங்கு வந்தனர். குழுவின் மற்ற இருவரான பால் மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் சில நாட்களில் வந்து சேர்ந்தனர். பாடகர் டோனவன், பீச் பாய்ஸ் குழுவின் மைக் லவ், நடிகை மியா ஃபாரோ ஆகியோரும் அப்போது அங்கே பயின்றனர். ஹாரிசனின் 25ஆவது பிறந்தநாள் பிப்ரவரி 25 அன்று ஆசிரமத்திலேயே கொண்டாடப்பட்டது.

ரிங்கோ ஏறத்தாழ பத்து நாட்களிலும், மெக்கார்ட்னி மார்ச் இறுதியிலும் ஊர் திரும்பினர். லெனனும் ஹாரிசனும் ஏப்ரல் 12 வரை இருந்தனர். நால்வரில் தியானத்தில் உண்மையாக ஊன்றி நின்றவர் ஹாரிசனே. புறப்பட்டபோதும் அவர் நேரே இங்கிலாந்து செல்லாமல், மதராஸுக்கு வந்து சிதார் கலைஞர் ரவிசங்கரைச் சந்தித்த பிறகே திரும்பினார்.

ரிஷிகேஷ் பாடல்களின் வகைகள்

ஆசிரமத்தில் பிறந்த பாடல்களை, அவை போய்ச் சேர்ந்த இடத்தைக் கொண்டு நான்காகப் பகுக்கலாம்.

1. 'ஒயிட் ஆல்பம்' எனப்படும் பீட்டில்ஸ் இரட்டை இசைத்தட்டில் (நவம்பர் 22, 1968, 30 பாடல்கள்) சேர்ந்தவை. மியா ஃபாரோவின் தங்கை தியான அறையை விட்டு வெளியே வராததை ஒட்டி லெனன் எழுதிய 'டியர் புரூடென்ஸ்' இவ்வகை.
2. பிறர் பாடியவை. ஹாரிசனின் 'சவர் மில்க் சீ' பாடலை 1968இல் ஜாக்கி லோமாக்ஸ் பாடி வெளியிட்டார்.
3. உருமாறியவை. லெனனின் 'சைல்ட் ஆஃப் நேச்சர்' பாடலின் மெட்டு, புதிய வரிகளுடன் 1971இல் 'ஜெலஸ் கை' ஆயிற்று.
4. கிடப்பில் இருந்தவை. 'டேராடூன்' இவற்றுள் தலையாயது.

1968 மே மாதம் எஷர் என்ற ஊரில் உள்ள ஹாரிசன் வீட்டில் குழுவினர் பதிவு செய்த 27 முன்னோட்டப் பாடல்களில் ஹாரிசனுடையவை ஐந்து. 'டேராடூன்' அவற்றில் இல்லை. அவருடைய 'நாட் கில்ட்டி', நூறு தடவைக்கு மேல் பதிவு செய்யப்பட்ட பின் ஒயிட் ஆல்பத்திலிருந்து நீக்கப்பட்டது. 'டேராடூன்' அந்தக் கட்டத்தையே எட்டவில்லை. ஆகவே இதைப் பீட்டில்ஸ் காலப் பாடல் எனலாமே தவிர, லெனனும் மெக்கார்ட்னியும் ஒதுக்கிய பாடல் எனல் பொருந்தாது.

பொருள்

டேராடூன் ரிஷிகேஷிலிருந்து சாலை வழியே சுமார் 45 கி.மீ. தொலைவில் உள்ளது. மனத்தை அடக்க வந்தவர்கள் இடையிடையே கடைவீதி தேடி அந்நகருக்குக் கிளம்பியதே பாடலின் கரு. ஊர்ப்பெயர் பல்லவிபோல் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே செல்ல வழிகள் பல என்ற செய்தி, நகருக்குச் செல்லும் சாலைகளுக்கும் ஆன்மிக மார்க்கங்களுக்கும் ஒருங்கே பொருந்துகிறது. மேலோட்டமாகக் கேட்போர் இதை வெறும் கேலிப்பாட்டு என்று கருதிவிடுவர்.

பதிவு

1970 மே 26 அன்று லண்டன் இஎம்ஐ ஒலிப்பதிவுக் கூடத்தில், ரிங்கோவும் கிளாஸ் ஃபோர்மனும் உடன் வாசிக்க, ஹாரிசன் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்துக்கான 15 பாடல்களைப் பாடினார். அவற்றுள் இதுவும் ஒன்று. பில் ஸ்பெக்டருடன் சேர்ந்து தயாரித்த அந்த ஆல்பம் நவம்பர் 27இல் மூன்று இசைத்தட்டுகளாக வந்தது. மூன்றாம் தட்டு பெரும்பாலும் ஒத்திகையற்ற கருவி வாசிப்புக்குத் தரப்பட்டதால், இடமின்மை இப்பாடல் விடுபட்டதற்குக் காரணமாகாது. 'மை ஸ்வீட் லார்ட்' போன்ற வழிபாட்டுப் பாடல்களுக்கு நடுவே இதன் விளையாட்டுத் தொனி ஒட்டவில்லை.

வெளியீடு

1994 ஜூனில் 'பீட்டில்ஸ் ஆந்தாலஜி' ஆவணப்படப்பிடிப்பின்போது, தம் ஃப்ரையர் பார்க் மாளிகையில், மெக்கார்ட்னியும் ரிங்கோவும் அருகிருக்க, ஹாரிசன் இதன் சில வரிகளை யுகுலேலேயில் வாசித்துப் பாடினார். 1970ஆம் ஆண்டுப் பதிவு, 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்தின் பொன்விழாப் பதிப்பில் 2021 ஆகஸ்ட் 6இல் வெளியானது. பாடல் பிறந்த ஆசிரமம் இப்போது ராஜாஜி புலிகள் காப்பகத்துக்குள் உள்ளது. பார்வையாளர் கட்டணம் செலுத்திச் சென்று பார்க்கலாம்.