தொலைபேசியின் இரு முனையிலும்: வன்புணர்வு நெருக்கடி மையங்களின் வரலாறு

பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்குத் துணை நிற்பது சம்பளமும் பயிற்சியும் மேற்பார்வையும் உள்ள ஒரு தொழிலாகி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே ஆகின்றன. அதைத் தொடங்கியவர்கள் மருத்துவர்களோ சமூகப்பணிப் பட்டதாரிகளோ அல்லர். பெண்ணுரிமை இயக்கத்திலிருந்து வந்த தன்னார்வலர்கள். அவர்களில் பலர் அதே வன்முறைக்குத் தாங்களும் ஆளானவர்கள். தொலைபேசியில் அழுதவரும் அதை எடுத்துப் பேசியவரும் ஒரே அனுபவத்தின் வழியே வந்திருக்கலாம் என்பது இந்தத் தொழிலின் பிறவிக் குணம்.

1971 ஜனவரியில் நியூயார்க்கின் செயின்ட் கிளமென்ட்ஸ் தேவாலயத்தில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து தங்களுக்கு நேர்ந்ததைப் பலர் முன்னிலையில் சொன்னார்கள். அன்றைய நியூயார்க் சட்டம் பெண்ணின் வாக்குமூலத்தை மட்டும் நம்பித் தண்டனை தரவில்லை. வேறு சான்றும் கேட்டது. அந்த நிபந்தனை 1974இல்தான் முற்றிலும் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் பெண்கள் தாங்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். 1971இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலும் 1972இல் வாஷிங்டனிலும் நெருக்கடி மையங்கள் தோன்றின. மையம் என்பது பெரிய சொல்தான்: ஒரு தொலைபேசி, முறை வைத்து அதை எடுக்கச் சில பெண்கள், மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் உடன் செல்ல ஒருவர். வாஷிங்டன் மையம் தொடங்கிய ஆண்டிலேயே, இப்படியொரு மையத்தைத் தொடங்குவது எப்படி என்று ஒரு கையேட்டையும் வெளியிட்டது. 1976இல் லண்டனிலும் கேப் டவுனிலும் மையங்கள் வந்தன. கேப் டவுன் மையத்தைத் தொடங்கிய ஆன் மேய்ன் தாமே வன்புணர்வுக்கு ஆளானவர்.

மருத்துவத் துறை இவர்களுக்குப் பின்னால்தான் வந்தது. மனநலச் செவிலியர் ஆன் பர்ஜஸும் சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ரமும் பாஸ்டன் நகர மருத்துவமனைக்கு வந்த பெண்களைத் தொடர்ந்து சந்தித்து, 1974இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். உறக்கம் கெடுதல், கெட்ட கனவு, தனியே இருக்க அச்சம், வீடு மாறுதல் ஆகியவை குணக்கேடோ நடிப்போ அல்ல, அதிர்ச்சியின் இயல்பான விளைவுகள் என்று அது நிறுவியது. முதலில் நிலைகுலைவு, பின் வாழ்க்கையை மெல்லச் சீரமைத்துக்கொள்ளும் நீண்ட காலம் என இரு கட்டங்களையும் வகுத்தது. அந்த இரண்டாம் கட்டத்தில் இருந்துகொண்டே பிறருக்குத் துணை நிற்பவருக்கு என்ன ஆகும் என்பதை அப்போது யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு லொரெட்டா ராஸின் வாழ்க்கை விரிவான ஒரு சான்று. 11 வயதில் அந்நியன் ஒருவனால் வன்புணர்வு. சில ஆண்டுகளில் உறவினன் ஒருவனால் கர்ப்பம். பிறந்த மகனைத் தத்துக் கொடுக்க மறுத்ததால், ராட்கிளிஃப் கல்லூரியில் கிடைக்கவிருந்த உதவித்தொகை போனது. இவை அவரே பொதுவெளியில் சொன்னவை. 1979இல் அவர் வாஷிங்டன் மையத்தின் இயக்குநரானார். கறுப்பினப் பெண்கள் முன்னின்று நடத்திய மையம் அது. அடுத்த ஆண்டே நிறவேற்றுமைக்கு உள்ளான பெண்கள்மீதான வன்முறை பற்றிய தேசிய மாநாட்டை நடத்தியது. அக்காலத்தில் லோர்ட்டன் சிறையிலிருந்து, வன்புணர்வுக் குற்றவாளி ஒருவர், தாம் மாற விரும்புவதாகவும் கற்றுத்தர வேண்டும் என்றும் மையத்துக்கு எழுதினார். பாதிக்கப்பட்டவர்களுக்கே பணம் போதாதபோது குற்றவாளி உதவி கேட்பதா என்று ராஸுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. இருந்தும் போனார், கைதிகளுக்குப் பெண்ணிய நூல்களைப் பாடம் நடத்தினார். தமக்குத் தீங்கு செய்தவர்களிடம் கேட்க முடியாததை வேறொருவரிடம் கேட்கப் போன பயணம் என்றும் இதைப் படிக்கலாம். ஆனால் மையத்தைப் பொறுத்தவரை இது அலுவலகப் பணிதான். குணமடைவதும் வேலை பார்ப்பதும் எங்கே பிரிகின்றன என்று கோடு போட முடியாத நிலை இது.

1980களிலும் 1990களிலும் அரசுப் பணம் பெருகியது. குற்றவாளிகள் கட்டும் அபராதத்திலிருந்து உதவி மையங்களுக்கு நிதி தரும் சட்டம் 1984இலும், பெண்கள்மீதான வன்முறைக்கு எதிரான சட்டம் 1994இலும் அமெரிக்காவில் நிறைவேறின. பணத்தோடு கணக்கும் வந்தது, அறிக்கையும் வந்தது, பட்டம் உண்டா என்ற கேள்வியும் வந்தது. எல்லாரும் கூடி முடிவெடுத்த குழுக்கள் நிர்வாகக் குழுவும் இயக்குநரும் உள்ள நிறுவனங்களாயின. பட்ட அனுபவம் ஒன்றே தகுதியாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது. ராஸ் தம் இளங்கலைப் பட்டத்தை 2007இல்தான் பெற்றார். 1979இல் அந்த நாற்காலிக்கு அது தேவைப்படவில்லை. இந்த மாற்றத்தை இயக்கத்தின் வீழ்ச்சி என்று வருந்துவோர் உண்டு. அது பாதி உண்மையே. சம்பளமில்லாத உழைப்பை என்றென்றும் எதிர்பார்ப்பதும், புண் ஆறாதவரை மேற்பார்வையின்றி இரவு முறையில் உட்கார வைப்பதும் நீதியாகாது.

இத்தகைய உழைப்பின் கேட்டை 1990களில் ஆய்வாளர்கள் எழுத்தில் வைத்தார்கள். பிறர் துயரைத் தொடர்ந்து கேட்பவரின் உலகப் பார்வையே மாறிப்போவதை லிசா மெக்கானும் லாரி பேர்ல்மனும் 1990இல் விவரித்தார்கள். 1992இல் மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன், பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கித்தல், உறவுகளோடு மீண்டும் இணைதல் என மீட்சியை மூன்று படிகளாகப் பிரித்தார். பட்ட துன்பத்தைப் பொதுப்பணியாக மாற்றிக்கொள்வோர் சிலரே என்றும், அது கடைசிப் படிக்கு உரியது என்றும் அவர் கண்டார். முதல் படியிலேயே அதைச் செய்யத் துணிந்தவர்கள்தான் 1971இன் தலைமுறை.

அடுத்த தலைமுறையில், சிறுவயதில் வன்முறைக்கு ஆளான டரானா பர்க் 1990களில் அலபாமாவில் இளையோர் அமைப்பொன்றில் பணியாற்றினார். முகாமில் 13 வயதுச் சிறுமி தனக்கு நேர்வதைச் சொல்லத் தொடங்கியபோது அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. வேறொருவரிடம் அனுப்பிவிட்டார். தனக்கும் அப்படி நேர்ந்தது என்ற ஒரு வாக்கியம்கூட அன்று வாயில் வரவில்லை. 2006இல் அவர் தொடங்கிய ‘மீ டூ’ பணி அந்தச் சொல்லாத வாக்கியத்திலிருந்து பிறந்தது; உலகம் அதை அறிந்தது 2017இல்.

இந்தியாவில் பாதை வேறு. காவல் நிலையத்தில் வன்புணரப்பட்ட மதுரா என்ற பெண்ணின் வழக்கில் காவலர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்ததை எதிர்த்து 1979இல் நான்கு சட்ட ஆசிரியர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினர். 1980இல் பம்பாயில் வன்புணர்வு எதிர்ப்பு மன்றம் உருவானது. 1983இன் சட்டத் திருத்தம், பாதிக்கப்பட்டவரின் பெயரை மற்றவர்கள் வெளியிடுவதைக் குற்றமாக்கியது. அதே ஆண்டில் சொஹைலா அப்துலாலி தம் சொந்தப் பெயரோடு ‘மானுஷி’ இதழில் தமக்கு நேர்ந்ததை எழுதினார். பின்னர் பாஸ்டன் வட்டார நெருக்கடி மையத்தில் பொறுப்பு வகித்தார். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டு வன்புணர்வுக்குப் பிறகு அந்தப் பழைய கட்டுரை மீண்டும் பரவியது. அதற்குள் முப்பதாண்டு கடந்து எழுத்தாளராகவும் தாயாகவும் வாழ்ந்துகொண்டிருந்தவரை நாடு அந்த ஒரு கட்டுரையால் அடையாளம் கண்டது.

பன்வாரி தேவிக்கு வேலைதான் வன்முறைக்கே காரணம். ராஜஸ்தான் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ‘சாத்தின்’ என்னும் கிராமப் பணியாளர் அவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் பட்டேரி கிராமத்தில் தாக்கப்பட்டார். 1995இல் விசாரணை நீதிமன்றம் வன்புணர்வுக் குற்றச்சாட்டிலிருந்து எதிரிகளை விடுவித்தது. அவருக்கு நேர்ந்ததை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில், 1997இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நெறிமுறைகள் பிறந்தன. 2013இல் அவை சட்டமாயின. நாட்டின் அலுவலகங்களுக்கெல்லாம் பாதுகாப்பு வாங்கித் தந்தவர், ஊரார் ஒதுக்கிவைத்தபோதும் அதே கிராமத்தில் அதே வேலையைத் தொடர்ந்தார்.

2015 ஏப்ரல் முதல், அந்த டெல்லிக் கொடுமைக்குப் பின் உருவான நிர்பயா நிதியில் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மாவட்டந்தோறும் திறக்கப்பட்டு வருகின்றன. மருத்துவம், காவல் துறை, சட்ட உதவி, மனநல ஆலோசனை, சில நாள் தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஆலோசகர் பணிக்கு உளவியல் படிப்பும் முன்அனுபவமும் கேட்கிறார்கள்.